குறட்டையும் அறுவைக் கத்தியும்

கோட்டுச்சேரித் திண்ணைகளில் பெரியவர் எவரேனும் குறட்டை விட்டால், பிள்ளைகள் "கும்பகருணன்" என்று நகைப்பதுண்டு. மாணவர்களே, நானும் அவ்வாறு நகைத்தவனே. ஆயினும் அக்குறட்டை சட்டென்று நின்று, சில நொடிகளுக்குப் பின் திணறலோடு மீண்டும் எழுமாயின் அது நகைப்பிற்குரியதன்று. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர, மூச்சுவழி அடைபடுகிறது. கடுமையான நோயில் மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும், அல்லது குன்றும்.

1954 வரை காரைக்காலை ஆண்ட பிரான்சு நாட்டின் மார்சேய் நகரில் கஸ்தோ குழுவினரும், ஜெர்மனியில் யூங், கூலோ ஆகியோரும் 1965-இல் இதனைப் பதிவு செய்து விளக்கினர். கழுத்தில் மூச்சுக்குழலைத் துளைத்துக் குழாய் பொருத்திய செய்தியைக் கூலோவும் துணைவர்களும் 1969-இல் வெளியிட்டனர். அடைப்புக்குக் கீழே காற்று நுழைந்தது, நோய் தணிந்தது. அடைப்பின் இருப்பிடம் தொண்டையே என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ! ஆனால் கழுத்துத் துளையோடு குளத்தில் முழுகிக் குளிக்க இயலுமா?

ஆகவே கத்தி மேலேறிற்று. ஜப்பானியர் இகேமாட்சு குறட்டைக்குச் செய்த அறுவையை ஒட்டி, உள்நாக்கையும் மெல்லண்ணத்தின் தளர்ந்த பகுதியையும் நீக்கும் முறையை அமெரிக்காவில் ஃபுஜிதா 1981-இல் வெளியிட்டார். சிலர்க்குப் பலித்தது, நாவின் அடியிலும் அடைப்புடையோர்க்குப் பலிக்கவில்லை. தாடையெலும்புகளை முன்னே நகர்த்தும் அறுவை பின்னர் வந்தது.

அதே 1981-இல் சிட்னியில் சல்லிவன், மூக்கின் வழியே காற்றழுத்தம் செலுத்திக் கத்தியின்றியே வழி திறந்தார். இன்று முதலில் தரப்படுவது அக்கருவியே. அதனைத் தாங்க இயலாதவர்க்கே பெரும்பாலும் அறுவை.