பூச்செடிகளில் பூச்சிக் கட்டுப்பாடு

வீட்டுத் தோட்டத்திலும் மாடித் தொட்டியிலும் வளரும் மல்லிகை, முல்லை, ரோஜா, செம்பருத்தி, அரளி முதலிய பூச்செடிகளைத் தாக்கும் பூச்சிகளை, வீட்டாருக்கும் தேனீக்கும் தீங்கில்லாமல் அடக்கிவைக்கும் முறைகளைச் சொல்வது இக்கட்டுரை. பூச்சியே இல்லாத தோட்டம் என்று ஒன்று கிடையாது. செடி தடையில்லாமல் பூக்கும் அளவுக்குப் பூச்சி குறைந்தால் போதும்.

பூவுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. காய்கறியைக் கழுவுகிறோம், வேகவைக்கிறோம். பூவை யாரும் கழுவுவதில்லை. பறித்த கையோடு தொடுத்துத் தலையில் வைக்கிறோம், சாமிக்குச் சாத்துகிறோம், நாரைப் பல்லால் கடித்து அறுப்பவர்களும் உண்டு. செம்பருத்தி தேநீராகிறது, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் காய்கிறது. பன்னீர் ரோஜா இதழ் குல்கந்தாகி வயிற்றுக்கே போகிறது. ஆகவே பூச்செடிக்குத் தெளிப்பதைக் கீரைக்குத் தெளிப்பதைவிடக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடப்பிலோ, “சாப்பிடவா போகிறோம்” என்ற நினைப்பில் உரக்கடையில் எடுத்துக் கொடுத்ததை அப்படியே அடித்துவிடுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

எந்தப் பூச்சியின் வேலை?

தெளிப்பானைக் கையில் எடுக்கும் முன் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பூச்செடியில் வரும் தொல்லையில் பெரும்பகுதி சாறு உறிஞ்சும் கூட்டத்தால் வருவது: அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, இலைப்பேன், செதில் பூச்சி, சிலந்திப்பேன். இவை இலையின் அடிப்பக்கத்திலும் கொழுந்தின் இடுக்கிலும் இருக்கும். மேலாகப் பார்ப்பவர் கண்ணுக்கு இலைச் சுருக்கமும் மஞ்சளும்தான் தெரியும்.

செம்பருத்திக் கொழுந்து விரியாமல் கொத்தாகச் சுருண்டு நின்றால் பெரும்பாலும் மாவுப்பூச்சி. ரோஜா மொட்டின் விளிம்பு தீய்ந்தது போலப் பழுப்பாகிப் பாதியில் நின்றால் இலைப்பேன்; மொட்டை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் நூல்துணுக்கு அளவில் ஊர்வது தெரியும். முல்லை இலையில் வெல்வெட் ஒட்டியது போல வெண்மையான ரோமப் படலம் வந்தால் அதைப் பூஞ்சணம் என்று எண்ணிப் பூஞ்சணக்கொல்லி அடிப்பவர்கள் பலர். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேனின் வேலை.

ரோஜா இலையின் ஓரத்தில் காம்பஸ் வைத்து வெட்டியது போல வட்ட வட்டமாகத் துண்டு போயிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். இலைவெட்டித் தேனீ தன் கூட்டுக்கு எடுத்துப் போன துண்டுகள் அவை. செடிக்கு அதனால் நட்டமில்லை.

மல்லிகையின் இரண்டு எதிரிகள்

குண்டுமல்லியில் மொட்டு வெள்ளையாக இருக்க வேண்டிய பருவத்தில் ஊதா படர்ந்து காய்ந்து உதிர்கிறதென்றால் குற்றவாளி இருவரில் ஒருவர். மொட்டில் வட்டமான துளை, பக்கத்து மொட்டுகளோடு சேர்த்துப் பின்னிய நூல், எச்சம் ஆகியவை இருந்தால் மொட்டுப்புழு. துளையும் நூலும் இல்லாமல் மொட்டின் அடிப்பகுதி வீங்கியிருந்து, நகத்தால் பிளந்தால் மிகச் சிறிய வெளிர்நிறப் புழுக்கள் நெளிந்தால் மொட்டு ஈ.

இந்த வேறுபாடு தெரியாமல் தெளித்தால் மருந்து வீண். மொட்டுப்புழு ஓர் அந்துப்பூச்சியின் புழு. பின்னிய கொத்துகளைக் கிள்ளி அழித்துவிட்டு, வேப்பெண்ணெய்க் கரைசலையோ பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியாப் பொடியையோ மாலையில் தெளித்தால் அடங்கும். இந்தப் பாக்டீரியா அதைத் தின்னும் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களைத்தான் கொல்லும். மனிதரையோ தேனீயையோ தீண்டாது. பட்டுப்புழுவும் அந்த இனத்தைச் சேர்ந்தது என்பதால் மல்பெரித் தோட்டத்தின் அருகே இதைத் தெளிக்கக் கூடாது. 1901இல் ஜப்பானில் இந்தப் பாக்டீரியாவை முதலில் கண்டறிந்ததே நோயுற்ற பட்டுப்புழுவிலிருந்துதான்.

மொட்டு ஈயின் புழு மொட்டுக்குள் மூடியிருப்பதால் மேலே எதைத் தெளித்தாலும் எட்டாது. அது வளர்ந்தபின் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது. அதனால் சண்டை செடியின் தூரில் நடக்க வேண்டும். உதிர்ந்த மொட்டுகளை அன்றாடம் பொறுக்கி அழிப்பது, தூர்மண்ணைக் களைக்கொத்தால் மேலாகக் கிளறி வெயில் படவிடுவது, வேப்பம் புண்ணாக்கைத் தூவிக் கொத்திவிடுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அடுத்த தலைமுறை குறையும். நவம்பர் கடைசியில் கவாத்து செய்யும்போது கழித்த கிளையையும் சருகையும் செடியடியில் விட்டுவைக்காமல் அகற்றுவதும் இதில் சேரும்.

எறும்பும் மாவுப்பூச்சியும்

மாவுப்பூச்சி, அசுவினி, செதில் பூச்சி ஆகியவை உறிஞ்சிய சாற்றில் மிஞ்சும் சர்க்கரையைப் பிசுபிசுப்பான திரவமாக வெளியேற்றுகின்றன. இலையில் கரிபடிந்தது போல வரும் கரும்பூசணம் அதன் மேல் வளர்வதுதான். எறும்பு வருவதும் அதற்காகத்தான். எறும்பு மாவுப்பூச்சிக் குஞ்சைச் செடிவிட்டுச் செடி சுமந்து செல்லும். அதைத் தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டும். எனவே மாவுப்பூச்சியை ஒழிக்கும் வேலை எறும்பின் பாதையை அடைப்பதில் தொடங்குகிறது. தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே செங்கல் மேல் வைக்கலாம். நிலத்துச் செடியானால் தண்டில் ஒரு துணிப் பட்டையைக் கட்டி அதன் மேல் கிரீஸ் தடவலாம். செடியின் கிளை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் இந்த ஏற்பாடெல்லாம் பயனற்றுப் போகும்.

சுருண்ட கொழுந்தை ஒரு சாண் கீழே வரை வெட்டி, உதறாமல் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி வெயிலில் வைத்துவிட வேண்டும். உரக்குழியில் போட்டால் மறுபடி ஏறிவரும். நாலைந்து தொட்டிதான் என்றால் சானிடைசரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைப்பதே போதும். மெழுகுப் படலம் கரைந்து பூச்சி உடனே சாகும்.

மாவுப்பூச்சியின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றோடு வேலியோரச் செம்பருத்தியையும் அது மூடியது. மருந்தடித்து அடித்துப் பார்த்தும் பலனில்லை. மெழுகுப் படலம் மருந்தை உள்ளே விடவில்லை, அடித்த மருந்து அதன் எதிரிகளைத்தான் கொன்றது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டன. அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி நன்றாக வேரூன்றியது. கொசுவைவிடச் சிறிய இது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. குஞ்சு உள்ளிருந்தே தின்று, கூடாகிப்போன உடலைத் துளைத்து வெளியேறுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியாகக் குளவிகள் மாவட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தபின் அந்தக் கொள்ளை தணிந்தது. நஞ்சு தோற்ற இடத்தில் ஒரு பூச்சி வென்றதற்கு நம் கண்முன் நடந்த சான்று இது.

கொல்லக் கூடாதவை

மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டு 1898இலேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் புழு உடலெங்கும் வெள்ளை மெழுகிழைகளோடு, கொழுத்த மாவுப்பூச்சி போலவே இருக்கும். பெரிய மாவுப்பூச்சி என்று எண்ணி அதைத்தான் மக்கள் முதலில் நசுக்குகிறார்கள். வேறுபாடு எளிது: மாவுப்பூச்சி அசைவதே அரிது, பொறிவண்டுப் புழு விறுவிறுவென்று ஓடும்.

அசுவினிக் கூட்டத்தின் நடுவே சில பழுப்பாக உப்பி, காகிதம் போல உலர்ந்து நின்றால் அவற்றுக்குள் குளவிக் குஞ்சு வளர்கிறது என்று பொருள். ஒரு கிளையில் அப்படிப் பல கண்ணில் பட்டால் தெளிப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடலாம். இலையில் மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும் வெள்ளைப் பொட்டுகள் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். அவையும் நம் பக்கம்தான்.

அரளியிலும் எருக்கிலும் மொய்க்கும் மஞ்சள் அசுவினியைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. அது அந்தக் குடும்பச் செடிகளோடு நிற்பது, ரோஜாவுக்குத் தாவாது. அதைத் தின்று பெருகும் பொறிவண்டுதான் ரோஜாவுக்கு வரும். வேலியோரத்தில் ஓர் எருக்கை விட்டுவைப்பது கெட்டிக்காரத்தனம்.

செண்டுமல்லி நட்டால் பூச்சியே வராது என்பது மிகைப்பேச்சு. அதன் வேர் மண்ணிலுள்ள நூற்புழுவைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் சிலந்திப்பேனுக்கு அதுவே விருந்து.

தண்ணீர், சோப்பு, வேம்பு

மிகவும் பாதுகாப்பான மருந்து தண்ணீர். குழாயின் வாயை விரலால் பாதி அடைத்து, இலையின் அடிப்பக்கம் படும்படி காலையில் பீய்ச்சியடித்தால் அசுவினி உதிரும். உதிர்ந்தது பெரும்பாலும் திரும்பி ஏறாது. சித்திரை வெயிலில் பெருகும் சிலந்திப்பேனுக்கு வறட்சிதான் சொர்க்கம், ஈரம் பகை. நனையும் கந்தகம் அதற்கு நல்ல மருந்துதான், லிட்டருக்கு 2 கிராம். ஆனால் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும் நாளில் கந்தகம் இலையைக் கருக்கும். நம் ஊரில் சிலந்திப்பேன் வருவதோ அந்த நாட்களில்தான். அதனால் கோடையில் தண்ணீரை நம்புவதே சரி.

சோப்பு பூச்சியின் மேல் நேரடியாகப் பட்டால் மட்டுமே வேலை செய்யும்; காய்ந்தபின் அதற்குச் சக்தி இல்லை. காதி சோப்பை லிட்டருக்கு 5 கிராம் சீவிக் கரைத்தால் போதும். துணி துவைக்கும் பவுடர் இலையைச் சுட்டுவிடும்.

வேப்பெண்ணெயில் பலர் தோற்பது கலப்பதில்தான். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றினால் மிதக்கும். தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயும் வரும், அந்தக் கடைசிச் செடி கருகும். முதலில் 5 மில்லி எண்ணெயில் சிறிது சோப்புக் கரைசலை விட்டுப் பால்போல ஆகும்வரை குழைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். வயல் பரிந்துரைகளில் 20, 30 மில்லி என்றும் உண்டு; தொட்டிச் செடியின் இளந்தளிருக்கு அது அதிகம். ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குத் தெளிப்பது நல்லது. எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தெளிக்கக் கூடாது.

வேப்பங்கொட்டைக் கரைசல் இதைவிட இலைக்கு இதமானது. ஓடு நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்துத் துணியில் முடிந்து, சிறிது தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் பால் வரும்வரை பிழிந்து, ஒரு லிட்டராக்கி, அன்று மாலையே தெளித்துவிட வேண்டும். வேம்பிலுள்ள அசாடிராக்டின் வெயிலில் சிதைவது. மாலையில் தெளிக்கச் சொல்வது அதனால்தான். தெளித்த மறுநாளே பூச்சி செத்து விழும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அது பூச்சியைத் தின்னவிடாமலும் தோலுரிக்கவிடாமலும் செய்வது. பலன் தெரிய ஒரு வாரம் ஆகும். 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படையெடுப்புக்குப் பின் வேப்பமரம் மட்டும் பசுமையாக நின்றதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் கவனித்ததிலிருந்து உலகம் இதை ஆராயத் தொடங்கியது. தானியக் குதிருக்குள் வேப்பிலை போட்டுவைத்த நம் வீடுகளுக்கு அது புதுச் செய்தி அன்று.

வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டையிலும், இலைப்பேனுக்கு நீல அட்டையிலும் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடலாம். இது எண்ணிக்கையைக் காட்டும் கருவி. தனியாக நோயைத் தீர்க்காது. பஞ்சகவ்யம் செடியைத் தேற்றுவது. அதைப் பூச்சிமருந்தாக எண்ணுவது தவறு. யூரியாவை அள்ளிப் போட்டு வரும் கொழுகொழு தளிர் அசுவினிக்கு அழைப்பிதழ் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

இயற்கை என்றாலே பாதுகாப்பா?

புகையிலைக் கஷாயத்தை இயற்கை மருந்து என்று பரிந்துரைப்பவர்கள் உண்டு. நிகோட்டின் தோல் வழியாகவே உடலில் ஏறும் கடும் நஞ்சு. பூ பறிக்கும் செடியில் அதற்கு இடமே இல்லை. வேப்பெண்ணெயும் குழந்தை கைக்கு எட்டக் கூடாது. பச்சிளங்குழந்தை விழுங்கினால் வலிப்பு வரை கொண்டுபோகும். கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரேயைச் செடியில் அடிப்பது இலையைக் கருக்குவதோடு, பூவில் தங்கும் நஞ்சும் ஆகும்.

இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்துகள் வேர்வழி ஏறித் தேனிலும் மகரந்தத்திலும் கலக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இதனோடு சேர்த்து மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்ததற்குக் காரணம் தேனீக்கள். பூக்கும் செடிக்கு இவை வேண்டாம். மருந்து வாங்கியே ஆக வேண்டுமானால் புட்டியிலுள்ள முக்கோணத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு மிகக் கடும் நஞ்சு; அடுத்து மஞ்சள், நீலம்; பச்சைதான் குறைந்தது. சிவப்பும் மஞ்சளும் வீட்டு வாசலுக்குள் வரக் கூடாது.

எதைத் தெளித்தாலும் பூப்பறித்த பிறகு, தேனீ அடங்கிய மாலையில், காற்றில்லாத நேரத்தில், மூக்கையும் கையையும் மூடிக்கொண்டு தெளிக்க வேண்டும். நர்சரியிலிருந்து வாங்கிவந்த செடியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்; மாவுப்பூச்சி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வீடு புகுகிறது. பூச்சி இன்னதென்று பிடிபடவில்லை என்றால் தாக்கிய கிளையை மூடிய பையில் போட்டு மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். 1800 180 1551 என்ற உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.