பெயரில்லாத வேலைக்கு ஒரு பாடத்திட்டம்

ஆழ்கடலை ஆராயச் சென்ற சேலஞ்சர் கப்பலைப் பற்றிப் பேச்சு வந்தால் அதில் போன அறிவியலாளர்களின் பெயர்கள்தான் அடிபடும். 1872 டிசம்பரில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தை விட்டுக் கிளம்பி, 1876 மே மாதம் நாடு திரும்பிய அந்தக் கப்பலில் ஓவியரையும் சேர்த்து அவர்கள் ஆறே பேர். மற்ற இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கடற்படை அதிகாரிகளும் மாலுமிகளும். ஆழ்கடலில் வலையை இறக்கி ஏற்றவே பல மணி நேரம் பிடிக்கும். கயிற்றை இழுத்ததும் சேற்றைச் சலித்ததும் இவர்கள்தான். அலுத்துப்போய்த் துறைமுகங்களில் இறங்கி ஓடிப்போனவர்கள் சுமார் 60 பேர். ஓடாமல் நின்றவர்களில் ஃபிரெடரிக் பியர்சி என்ற பையன், பிடிபட்ட உயிரினங்களைப் புட்டிகளில் பதப்படுத்தி அடுக்கக் கற்றுக்கொண்டான். பயணம் முடிந்ததும் எடின்பரோவில் அந்த மாதிரிகளைக் கவனித்த அலுவலகத்திலேயே அவனுக்கு வேலை கிடைத்தது. கடல்சார் தொழில்நுட்பர் என்ற பதவி அப்போது எங்கும் இல்லை. ஆனால் பையன் பார்த்தது அந்த வேலைதான்.

அதற்குப் பிறகும் நெடுங்காலம் இப்படியே போயிற்று. வேலை இருந்தது, பள்ளி இல்லை. பக்கத்தில் நின்று பார்த்துப் பழகுவதுதான் படிப்பு.

பழக வேண்டியது கொஞ்சநஞ்சமல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆழத்துத் தண்ணீரை எடுத்துவந்தது நான்சன் குப்பி. ஒரே கம்பியில் பல ஆழங்களுக்கு ஒவ்வொரு குப்பியாக மாட்டி இறக்குவார்கள். பிறகு மேலிருந்து ஒரு சிறு பித்தளைக் குண்டைக் கம்பியோடு நழுவ விடுவார்கள். அது போய் முட்டியதும் முதல் குப்பி தலைகீழாகக் கவிழ்ந்து மூடிக்கொள்ளும். கூடவே தன்னிடமுள்ள குண்டை அடுத்த குப்பிக்கு அவிழ்த்து விடும். பக்கத்தில் கட்டிய வெப்பமானியும் சேர்ந்து கவிழ, பாதரசம் அறுபட்டு அந்த ஆழத்தின் வெப்பநிலை அப்படியே நின்றுவிடும். குண்டு முட்டியதா இல்லையா என்பதைக் கம்பியின்மேல் கைவைத்து அதிர்வை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். இதை எந்தப் புத்தகம் சொல்லிக்கொடுக்கும்?

அமெரிக்காவில் இந்தக் கைவேலையின் பெரும்பகுதி ஆராய்ச்சி மாணவர்கள் தலையில் விழுந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமாண்ட் ஆய்வகம் 1953இல் வேமா என்ற கப்பலை எடுத்துக்கொண்டது. 1923இல் செல்வந்தர் ஒருவருக்காகக் கட்டப்பட்ட சொகுசுப் பாய்மரக் கப்பல் அது. இயக்குநர் மாரிஸ் யூவிங் போட்ட விதி ஒன்றுதான்: கப்பல் எங்கே நின்றாலும் தினம் ஒரு குழாய்ச் சேறு மேலே வர வேண்டும். மேலே ஈயப் பாரம் கட்டிய நீளமான இரும்புக் குழாய், தரையை நெருங்கும்போது கொக்கி விடுபட்டு, அம்பாகப் போய்ச் சேற்றில் குத்தும். ஆடுகிற தளத்தில் அந்தப் பாரத்தைப் பக்கவாட்டில் தூக்கி நிறுத்தி, கை நசுங்காமல் இறக்குவது மாணவர்களின் அன்றாடம். கடலடிப் பாறையை ஒலியால் துழாவ வெடிமருந்துக்குத் திரி பற்றவைத்துக் கடலில் எறிவதும் அவர்கள் பாடு. 1954 ஜனவரியில் புயலலை ஒன்று யூவிங் உட்பட நான்கு பேரைத் தளத்திலிருந்து வாரிக்கொண்டு போனது, ஒருவர் திரும்பவில்லை. இன்றைய பாதுகாப்பு விதிகளைப் படிப்பவர்களுக்கு இதெல்லாம் நம்பவே முடியாது.

அந்த முரட்டுப் பள்ளியின் விளைச்சலைக் குறைத்தும் சொல்ல முடியாது. பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களே பனியுகங்களுக்குத் தாளம் போடுகின்றன என்று 1976இல் நிறுவிய கட்டுரைக்கு ஆதாரம் இரண்டு சேற்று மாதிரிகள். அவற்றில் ஒன்று, லாமாண்டின் இன்னொரு கப்பலான ராபர்ட் கான்ராட் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எடுத்தது.

நிலைமையை மாற்றியது மின்னணுவியல். உவர்ப்பையும் வெப்பத்தையும் ஆழத்தையும் இறங்கும்போதே அளந்து, கம்பி வழியாக மேலே அனுப்பும் கருவிகள் 1960களில் பரவின. இப்போது கம்பிக்குள் மின்சாரம் ஓடியது. மாலுமிக்குச் சர்க்யூட் தெரியாது. ஆய்வகத்து மின்னணு ஆளுக்கு வின்ச் தெரியாது. ஆராய்ச்சி மாணவரோ பட்டம் வாங்கியதும் போய்விடுவார். போதாக்குறைக்கு, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் யூனால்ஸ் என்ற கூட்டமைப்பில் சேர்ந்து கப்பல்களைப் பொதுவில் பகிரத் தொடங்கின. இன்று ஒரு குழு ஏறும், அடுத்த மாதம் வேறொரு குழு. கப்பலின் கருவிகளை அறிந்து அங்கேயே இருப்பவர் தொழில்நுட்பர் ஒருவர்தான்.

வட கரோலினாவின் வில்மிங்டனில் உள்ள கேப் ஃபியர் கல்லூரி இந்தத் தேவையை முன்பே மோப்பம் பிடித்து, 1960களின் நடுவிலேயே கடல்சார் தொழில்நுட்பப் படிப்பைத் தொடங்கிவிட்டது. நாடு தழுவிய முயற்சிக்கு இன்னும் முப்பது ஆண்டு ஆனது. சமுதாயக் கல்லூரிகளில் தொழில்நுட்பர்களை உருவாக்க 1992இல் ஒரு சட்டம் வந்தது. அதன் வழியே வந்த அரசு நிதியில் 1997இல் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் மேட் என்ற பயிற்சி மையம் பிறந்தது. மாணவர்களை யூனால்ஸ் கப்பல்களில் பயிற்சிக்கு ஏற்றிவிட்டது அந்த மையம்தான்.

அங்கே கற்பது மிகச் சாதாரணமாகத் தெரியும். வட்டமாக அடுக்கிய குப்பிகள் மேலே வந்ததும் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்பதற்கே ஒழுங்கு உண்டு. காற்றுப் பட்டால் கெடும் வாயுக்களுக்கான மாதிரிகள் முதலில், ஆக்சிஜன் அதையடுத்து. உவர்ப்புக்கானது கடைசியில், அதுவும் புட்டியை அதே நீரால் மூன்று முறை அலசிய பிறகு. கம்பியின் நுனியை வெட்டி, உப்புநீர் புகாதபடி மறுபடி இணைப்பது இன்னொரு பாடம். அதில் கோட்டைவிட்டால் கருவி நடுக்கடலில் ஊமையாகிவிடும். கப்பலின் ஒரு நாள் செலவு பல்லாயிரம் டாலர்.

1981இல் ஆராய்ச்சிக்கென்றே கட்டப்பட்டு, முப்பது ஆண்டு அட்லான்டிக்கில் உழைத்த கேப் ஹட்டராஸ் கப்பல் ஓய்வு பெற்றதும் உடைப்பவர்களிடம் போகவில்லை. 2013இல் கேப் ஃபியர் கல்லூரியின் கைக்கு வந்து, மாணவர்களின் பயிற்சிக் கப்பலானது.