டிரில் மாஸ்டரின் குரு

குற்றாலத்தில் சீஸன் தொடங்கிவிட்டால் தென்காசிப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பு என்பது பெயருக்குத்தான். மேற்கே மலை மறைந்துவிடும். மைதானத்தின்மேல் சாரல் சல்லாத் துணிபோல விழுந்துகொண்டிருக்கும். "மழையிலே என்ன விளையாட்டு?" என்று கணக்கு வாத்தியார் அந்த மணியையும் எடுத்துக்கொண்டுவிடுவார். எங்கள் டிரில் மாஸ்டர் கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் அது நடக்காது. "சாரல் பட்டுக் கரைஞ்சு போறதுக்கு நீங்க என்ன வெல்லக்கட்டியாலே?" என்று எங்களைக் கூடைப்பந்துக் கம்பத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போவார்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'விசில்'. "நான் பக் துரை காலேஜிலே படிச்சவன்" என்று அவர் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் பின்வரிசையில் சிரிப்போம். விசில் ஊதுவதற்கும் ஒரு காலேஜா என்பது எங்கள் எண்ணம். அந்தச் சிரிப்பு இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் உறுத்துவதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹாரி குரோ பக் 1884-ம் வருஷம் அமெரிக்காவில் பென்ஸில்வேனியாவில் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் நடத்திய பயிற்சிக் கல்லூரியில் படித்தார். அந்தக் கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

1891-ம் வருஷம் டிசம்பர் மாதம். வெளியே பனி. கூடத்துக்குள் தண்டால் எடுத்து அலுத்துப்போன பதினெட்டு இளைஞர்களைச் சமாளிக்கும் பொறுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரின் தலையில் விழுந்தது. அவர் பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாடிக் கைப்பிடியில் அடித்து மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதிக் கொடுத்தார். கூடைப்பந்து பிறந்தது அப்படித்தான். மறு வருஷம் மார்ச் மாதம் ஊரார் முன்னிலையில் மாணவர்களும் ஆசிரியர்களும் மோதினார்கள். மாணவர்களுக்கு ஐந்து, ஆசிரியர்களுக்கு ஒன்று. அந்த ஒன்றைப் போட்டவர் அலான்ஸோ ஸ்டாக். பிற்பாடு சிகாகோ சர்வகலாசாலையில் நாற்பத்தொரு வருஷம் கால்பந்துக் குழுவைப் பழக்கிய மகா பயிற்சியாளர் அவர். அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது பெரும்பாலும் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். அது வேறு கதை. நெய்ஸ்மித் கான்ஸாஸ் போய்க் கூடைப்பந்துக் குழுவைப் பழக்கினார். அந்தச் சர்வகலாசாலையின் பயிற்சியாளர் வரிசையில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகக் கண்டவர் ஒரே ஒருவர்தான்: ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்!

பக் துரை நினைத்திருந்தால் அங்கேயே ஒரு குழுவைப் பிடித்துக்கொண்டு பெயர் சம்பாதித்திருக்கலாம். அவர் சென்னைக்கு வந்தார். 1920-ல் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களோடு உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்து டிரில் என்றால், பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கி வந்த ஹவில்தார், "லெஃப்ட், ரைட்" என்று அதட்டுவதுதான். தேகப் பயிற்சியும் கற்றுத் தெரிய வேண்டிய ஒரு வித்தை, அதைச் சொல்லிக்கொடுப்பவரும் வாத்தியார்தான் என்பது பக்கின் கட்சி. விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட புத்தகம் டிரில் மாஸ்டர்களுக்கு வேதமாக இருந்தது.

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியக் குழுவுக்கு அவர்தான் மானேஜர். பதக்கம் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒலிம்பிக் சங்கங்களை அமைப்பதற்காக அவரும் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோரனும் மாகாணம் மாகாணமாக அலைந்தார்கள். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தது. டோராப்ஜி டாட்டா அதன் தலைவரானார். மறு வருஷம் ஆம்ஸ்டர்டாமில் ஹாக்கியில் நாம் தங்கம் வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். பக்கின் பெயர்தான் பலருக்குத் தெரியாது.

1943-ம் வருஷம் ஜூலை மாதம் அவர் சென்னையிலேயே காலமானார். அவருடைய கல்லூரி நந்தனத்தில் இன்றும் நடக்கிறது. அங்கே படித்தவர்கள் ஜில்லா ஜில்லாவாகப் போய்க் கம்பம் நட்டார்கள். பனிக்குப் பயந்து கூரைக்குள் பிறந்த ஆட்டம் நம் ஊரில் கூரையை விட்டு வெளியே வந்துவிட்டது. கூடம் கட்டப் பணம் ஏது? இரண்டு கம்பமும் கொஞ்சம் சமதரையும் போதும். பெரியகுளத்தில் கோடை இரவுகளில் திறந்த வெளியில் நடக்கும் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எங்கள் டிரில் மாஸ்டரைக் கடைசியாக நான் பார்த்தது ஒரு சீஸனில், ஐந்தருவிக்குப் போகும் பாதையில். பென்ஷன் வாங்கி வெகு காலமாகியிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, "என்னலே செய்றே?" என்று கேட்டார்.

"கதை எழுதுறேன், சார்."

"எழுதுறது இருக்கட்டும். இந்த மேட்டுக்கே மூச்சு வாங்குதே! காலையிலே கொஞ்சம் ஓடு."

குடைகூட இல்லாமல் அவர் சாரலில் விறுவிறுவென்று மேலே நடந்துவிட்டார். நான் ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்றேன்.