கச்சத்தீவு: தாரை வார்த்தலும் எல்லை வரையறையும்

1974ஆம் ஆண்டில் இந்தியா தன் அண்டை நாடுகள் இரண்டனுடன் எல்லை குறித்த உடன்படிக்கைகளைச் செய்துகொண்டது. வங்காளதேசத்துடனான நில எல்லை உடன்படிக்கை மே 16ஆம் நாள் புதுதில்லியில் கையெழுத்தாயிற்று. பாக்கு நீரிணையின் கடல் எல்லை பற்றி இலங்கையுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கை ஜூன் 26இல் கொழும்பிலும் 28இல் புதுதில்லியிலும் கையெழுத்தாயிற்று. கச்சத்தீவு இலங்கையின் பக்கம் அமைந்தது இதனால்தான். இவ்விரண்டும் ஏற்புறுதிக்கு உட்பட்டவை என அவற்றின் விதிகளே கூறின. இலங்கை உடன்படிக்கை அவ்வாண்டு ஜூலை 8இல் நடைமுறைக்கு வந்தது. வங்காளதேச உடன்படிக்கைக்கான ஏற்புறுதி ஆவணங்களோ 2015 ஜூன் 6இல்தான் டாக்காவில் பரிமாறிக்கொள்ளப்பட்டன. ஒன்றுக்கு இரு வாரங்கள் போதுமாயிருந்தன. மற்றொன்றுக்கு நாற்பத்தோர் ஆண்டுகள் ஆயின. இத்தாழ்ச்சிக்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. எனினும் நடைமுறை வேறுபாட்டின் வேர் ஒரு சொல்லில் உள்ளது.

சட்ட நிலை

வெளிநாடுகளுடன் உடன்படிக்கை செய்துகொள்ளும் அதிகாரம் இந்திய அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 14ஆம் பதிவாக உள்ளது. உடன்படிக்கையைச் செயற்படுத்தச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 253ஆம் உறுப்பு நாடாளுமன்றத்திற்கு வழங்குகிறது. ஆயினும் ஏற்புறுதிக்கு முன் நாடாளுமன்றத்தின் இசைவைப் பெறவேண்டும் என எவ்விடத்தும் கூறப்படவில்லை. அச்செயல் ஆட்சித்துறைக்கு உரியதாகவே வழங்கி வருகிறது. பொதுவாக்கெடுப்புக்கும் அரசியலமைப்பில் இடமில்லை. டென்மார்க்கில் ஆட்சி அதிகாரத்தைப் பன்னாட்டு அமைப்புக்கு மாற்றும் சட்டமுன்வடிவு ஆறில் ஐந்து பங்கு உறுப்பினரின் ஆதரவைப் பெறாவிடின், அதனை நிறைவேற்ற விரும்பும் அரசு மக்கள் வாக்கெடுப்பை நாடவேண்டும். 1992இல் மாஸ்டிரிக்ட் உடன்படிக்கையை டேனிய மக்கள் மறுத்தது இவ்வழியேயாகும்.

இந்தியாவில் நாடாளுமன்றத்தைத் தவிர்க்க இயலாத ஒரு சூழலை உச்ச நீதிமன்றம் வகுத்துள்ளது. 1958இல் நேருவும் பாகிஸ்தான் தலைமை அமைச்சர் நூனும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மேற்கு வங்காளத்தின் பேருபாரி ஒன்றியத்தைப் பிரித்து ஒரு பாதியைப் பாகிஸ்தானுக்கு அளிக்க வேண்டியிருந்தது. இது ஏற்கெனவே வரையப்பட்ட எல்லையைத் தெளிவுபடுத்தும் செயலே என்பது நடுவணரசின் வாதம். இது நிலப்பகுதியை விட்டுக்கொடுத்தலே எனவும், அதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் எனவும் நீதிமன்றம் 1960 மார்ச்சில் கருத்துரைத்தது. ஒன்பதாம் திருத்தம் அவ்வாறு பிறந்தது. கட்ச் பகுதி குறித்த 1969ஆம் ஆண்டுத் தீர்ப்பிலோ, தகராற்றுக்குரிய எல்லையைத் தீர்த்துக்கொள்ளுதல் விட்டுக்கொடுத்தல் ஆகாது எனவும், அதற்குத் திருத்தம் வேண்டுவதில்லை எனவும் அந்நீதிமன்றமே கூறியது.

ஆகவே 'விட்டுக்கொடுத்தல்' எனின் நாடாளுமன்றத்தின் திருத்தம் வேண்டும். 'எல்லை வரையறை' எனின் ஆட்சித்துறையின் கையெழுத்தே போதும். வங்காளதேச உடன்படிக்கை நிலப்பகுதிகளைக் கைமாற்றியதால் 2015இல் நூறாம் திருத்தம் தேவைப்பட்டது. இலங்கை உடன்படிக்கை எல்லை வரையறையாகக் கருதப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தபின், 1974 ஜூலை 23இல்தான் வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் நாடாளுமன்றத்தில் அதுபற்றி அறிக்கை அளித்தார்.

சொல்லும் முன்முடிவும்

தமிழகம் இந்நிகழ்வுக்கு வேறொரு பெயரைத் தந்தது. 'கச்சத்தீவு தாரை வார்க்கப்பட்டது' என்னும் தொடர் அரை நூற்றாண்டாக மேடையிலும் இதழிலும் வழங்குகிறது. தாரை வார்த்தல் என்பது நீர் வார்த்துக் கொடைப்பொருளை ஒப்படைக்கும் சடங்கு. தனக்கு உரியதை மீளப் பெறாவண்ணம் பிறர்க்கு அளித்தல் என்பது அதன் பொருள். கொடுத்தவர் உரிமையாளராய் இருந்தார் என்பதை இச்சொல் வாதிட்டு நிறுவுவதில்லை. முன்முடிவாகவே தன்னுள் கொண்டுள்ளது. 'கச்சத்தீவு மீட்பு' என்பதும் அத்தகையதே. இராமநாதபுரம் ஜமீனின் உரிமை பற்றிய வரலாற்று வாதம் முழுவதும் இவ்வொரு வினையில் சுருங்கி நிற்கிறது. அப்பகுதி தகராற்றுக்குரியதாகவும் வரையறுக்கப்படாததாகவும் இருந்ததால் இந்திய நிலம் எதுவும் விட்டுக்கொடுக்கப்படவில்லை என்னும் நடுவணரசின் நிலைப்பாடு இதற்கு நேர் எதிரான முன்முடிவை உடையது. இவற்றுள் எது செல்லும் என்பதைப் பொறுத்தே அவ்வுடன்படிக்கையின் சட்டத் தகுதியும் அமையும். மீனவரின் வாழ்வும் அதனோடு பிணைந்துள்ளது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கு இருவகை இடர்ப்பாடு நேர்கிறது. நடுவணரசின் மறுப்பைத் 'தாரை வார்க்கவில்லை' எனப் பெயர்த்தால் எதிர்த்தரப்பின் சொல் அதன் வாயில் இடப்படுகிறது. சட்டமன்றத் தீர்மானத்தை மொழிபெயர்ப்பவர் 'எல்லை உடன்பாடு' என அமைத்தால் அத்தீர்மானத்தின் வாதம் மறைந்துவிடுகிறது. அடுத்தது 'ஒப்புதல்' என்னும் சொல். அமைச்சரவையின் இசைவு, பிற நாட்டுக்கு அளிக்கும் ஏற்புறுதி, நாடாளுமன்றம் நிறைவேற்றும் திருத்தம் ஆகிய மூன்றையும் இதழ்கள் இவ்வொரு சொல்லாலேயே குறிக்கின்றன. 'ஒப்புதல் இல்லாமல் நடந்தது' என்று படிப்பவர், யாருடைய ஒப்புதல், எச்சட்டப்படி வேண்டிய ஒப்புதல் என்பதை அறிய இயலாது. கச்சத்தீவு வழக்கின் மையக் கேள்வியோ அதுவேயாகும்.

ஏற்புறுதி, இசைவு, திருத்தம் ஆகியவற்றை வேறுபடுத்தி ஆளுதலும், ஒவ்வொரு தரப்பின் சொல்லையும் அத்தரப்பின் பெயரோடு தருதலும் இதற்குரிய எளிய நெறிகள். மக்களிடம் நேரே கேட்கும் வாக்கெடுப்பு இல்லாத நாட்டில் மக்கள் ஒரு உடன்படிக்கையை அறிவது பெரும்பாலும் அதனைச் சொல்லும் சொற்களின் வழியேயாகும். அச்சொற்களைத் தேர்வோர்க்கு அதற்கேற்ற பொறுப்பும் உண்டு.