அறச்சலூர்க் கல்லில் தாளக் கோவை: நீளமும் மடக்கும் தொடர்ச்சியும்

ஈரோட்டுக்குத் தெற்கே, நாமக்கல் சமவெளிக்குக் காவிரியின் மறுகரையில், அறச்சலூர் நாகமலையில் ஆண்டிப்பாறை என்றொரு குகைத்தளம் இருக்கிறது. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டை 1960களின் தொடக்கத்தில் புலவர் செ. இராசு கண்டறிந்தார். அதுமுதல் அது இசைக் கல்வெட்டு என்றே வழங்கிவருகிறது. ஒரு தாளக் கோவையின் நீளம் என்ன, எதன்பின் எது வரும், எங்கே முதலுக்குத் திரும்பும் என்று எழுதிவைக்கும் வழக்கத்தின் வரலாற்றை இந்தக் கல்லிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. ஆனால் முதலில் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எழுத்துகளைப் புணர்த்தவன் வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று குகையில் ஒரு குறிப்பு உண்டு. வண்ணக்கன் என்பதற்கு முன்னுள்ள சொல்லை மணிய என்றும் மலைய என்றும் படித்திருக்கிறார்கள். மகாதேவன் முன்னதை ஏற்று, சாத்தனை மணிகளின் தரம் பார்ப்பவனாகக் கொண்டார். அவர் பக்கம் வலுவான சான்றுகள் உள்ளன. இதே கொங்குப் பகுதியில்தான் மணிக்கற்களைப் பட்டை தீட்டிய கொடுமணலும் பச்சைக்கல் கிடைத்த படியூரும் இருக்கின்றன. புகளூர்க் கல்வெட்டுகளில் கருவூர்ப் பொன்வாணிகன் வருகிறான். வண்ணக்கன் என்பதைத் தொழிற்பெயராகக் கொள்வதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் சங்கப் புலவர் வரிசையில் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் இருக்கிறார், வடம வண்ணக்கன் தாமோதரனாரும் இருக்கிறார். பாட்டுக் கட்டியவர்களின் பெயரோடு இந்த அடை ஒட்டிவந்திருக்கும்போது, சாத்தனின் தொழிலைக் கொண்டு அவன் புணர்த்ததன் இயல்பை முடிவுசெய்ய முடியாது. மணி நோட்டம் பார்த்தவன் தாளமும் அறிந்திருக்கலாம்; முன்னோர் தொழிற்பெயரைச் சுமந்த முழுநேரக் கலைஞனாகவும் இருக்கலாம். ‘வண்ணம்’ என்ற சொல்லைக் காட்டி இது இசையே என்று வாதிடுவோரும் இதே பிழையை எதிர்த்திசையில் செய்கிறார்கள். விடையைக் கோவையின் அமைப்பிலேயே தேட வேண்டும்.

வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரிகள். இன்று ஏற்கப்பட்ட வாசிப்பின்படி முதல் வரியின் இரு முனையிலும் ‘த’, உள்ளே இருபுறமும் ‘தை’, நடுவில் ‘தா’. இரண்டாம் வரி ‘தை’யில் தொடங்கி ‘தா’ வழியாக ‘தே’யைத் தொட்டுத் திரும்புகிறது. மூன்றாம் வரியில் ‘தா’, ‘தே’, நடுவில் ‘தை’. நான்காவது வரி இரண்டாவதேதான், ஐந்தாவது முதலாவதேதான். இடமிருந்து வலமாகவோ மேலிருந்து கீழாகவோ எப்படிப் படித்தாலும் மாறாது என்பது பலரும் சொன்னதே. அந்தச் சமச்சீரின் விளைவு இன்னும் கூர்மையானது: ஆறு இடங்களை மட்டும் நினைவில் வைத்தால் இருபத்தைந்தும் தாமே வந்துவிடும். மனப்பாடத்துக்கான சிக்கனம் இது.

வெறும் எழுத்தழகுக்காக வரைந்த கட்டம் என்றால் பேச்சு இத்தோடு முடியும். மாத்திரை கணக்கிட்டுப் பார்த்தால் முடிவதில்லை. தொல்காப்பிய முறைப்படி குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு எனக் கொள்வோம். முதல் வரிக்கு 8 மாத்திரை வருகிறது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 10. வரிதோறும் எழுத்து ஐந்தே, கால அளவு மட்டும் வேறு. முழுச் சுற்று 8, 10, 10, 10, 8 என 46 மாத்திரை. தொடக்கக் குறிலால் முதல் வரியின் நெடில்கள் அரைத்தட்டில் விழுகின்றன. வரி முடிவில் வரும் குறில் அதைச் சமன்செய்துவிடுவதால் நடு வரிகள் மூன்றும் நேர்த்தட்டில் நடக்கின்றன. கடைசி வரியில் மீண்டும் அரைத்தட்டு. நிறுத்தாமல் முதல் வரிக்குத் திரும்பினால் ‘த’வும் ‘த’வும் அடுத்தடுத்து விழுந்து ஒரு நெடிலின் அளவை நிரப்புகின்றன. கோவையில் இரு குறில்கள் ஒட்டிநிற்கும் ஒரே இடம் அந்த மடக்கின் மூட்டுத்தான். சுற்று திரும்பியதைக் கைத்தாளம் போடுபவனின் காது அங்கே பிடித்துக்கொள்ளும். இது மடக்கி ஆடவோ கொட்டவோ அமைத்த கோவை என்று நான் துணிவது இதனால்தான். பிற்காலச் சொற்கட்டில் உயிரின் நீளமும் அடியின் நீளமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அந்த மறுப்பு என் வாதத்தைத் தளர்த்தும், வீழ்த்தாது.

ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கொள்ளப்படும் குடுமியான்மலைக் கல்வெட்டு வேறு வழியில் போகிறது. அங்கே சுரங்கள் நான்கு நான்காகக் கூடி, வரிக்குப் பதினாறு கூட்டங்களாக நிற்கின்றன. நீளம் நிலையானது, மாறுபவை உள்ளிருக்கும் சுரங்கள். அறச்சலூரில் மூன்று வரிகள் ஐந்து இடங்களை நிரப்ப, குடுமியான்மலைக் கல்வெட்டின் ஏழு பகுதிகளும் புதிது புதிதாக விரிகின்றன.

ரோலண்ட் நிறுவனம் 1980இல் கொண்டுவந்த டிஆர்-808 தாளப்பெட்டியை இதனருகே வைத்துப் பார்க்கலாம். 1982இல் மும்பையில் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்தபோது பயன்படுத்தியது இதைத்தான். அதில் பேட்டர்ன் என்பது பதினாறு சமமான படிகள். நீளத்தைக் குறைக்கப் படியைக் குறைக்க வேண்டும். பேட்டர்ன்களை வரிசையாகக் கோத்தால் ஒரு பாட்டுக்கான தாளம். சாத்தனின் கோவையை அதில் ஏற்ற 8 படிப் பேட்டர்ன் ஒன்றும் 10 படிப் பேட்டர்ன் இரண்டும் போதும். அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்று தொடுத்துவிடலாம். பெட்டி படிகளை எண்ணுகிறது, கல் எழுத்துகளை எண்ணி நீளத்தை உயிரிடம் விட்டுவிடுகிறது. எத்தனை முறை மடக்குவது என்பதற்குக் கல்லில் குறி இல்லை. அது ஆடுபவரையும் கொட்டுபவரையும் சார்ந்தது.

ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. தமிழ்ப் பிராமியில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வரிவடிவம் ஒன்றே. புள்ளி இட்டால்தான் குறில். கோவையில் நான்கு இடங்களில் வரும் ‘தே’யை ‘தெ’ எனப் படித்தால் நடு வரிகள் 9, 8, 9 ஆகி, சுற்று 42 மாத்திரையாகச் சுருங்கும். நேர்த்தட்டில் நடந்த நடுப்பகுதியும் குலையும். மூட்டில் வரும் இரட்டைத் ‘த’ மாறாது; ஒட்டிநிற்கும் குறில் இணை அது ஒன்றே என்ற என் வாதமும் அப்போதும் நிற்கும். கல்வெட்டின் காலத்தை கி.பி. இரண்டாம் நூற்றாண்டு என்போரும் நான்காம் நூற்றாண்டு என்போரும் உண்டு. புள்ளி வழக்கம் பரவியபின் வெட்டியது என்றால் புள்ளியில்லாத எழுத்தை நெடிலாகவே கொள்ளலாம், 46 நிற்கும். அதற்கு முந்தியது என்றால் இரண்டு எண்ணிக்கைக்கும் இடமுண்டு.