பூமத்தியரேகையில் புயல் வராதா?

ஆண்டுதோறும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் தேக்காவில் ஒரு பேச்சு எழும். "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலையாம், நாகப்பட்டினம் பக்கம் புயல் வருமாம்" என்பார் ஒருவர். ஊரில் உள்ள உறவினரிடம் தொலைபேசியில் நலம் விசாரித்துவிட்டு, "நல்லவேளை, சிங்கப்பூரில் புயல் என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று ஆறுதல் அடைவார் இன்னொருவர். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி? வரலாறு என்ன சொல்கிறது?

பழைய மலாய் வழக்கில் இந்த வட்டாரத்திற்கு 'காற்றுக்குக் கீழே உள்ள நாடுகள்' என்று ஒரு பெயர் உண்டு. இந்தியா, அரபு நாடு போன்ற மேற்குத் தேசங்கள் 'காற்றுக்கு மேலே உள்ள நாடுகள்'. நாட்டின் பெயரையே காற்றை வைத்துச் சொன்ன காலம் அது. தமிழரும் அப்படித்தான். வடக்கிலிருந்து வீசினால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்குக் காற்று கொண்டல், மேற்குக் காற்று கோடை என்று திசைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். கடலோடிக்கு அது நாள்காட்டி போல.

சிங்கப்பூர் துறைமுகமாக வளர்ந்ததற்கும் காற்றே ஒரு காரணம். 1819ல் ராஃபிள்ஸ் இங்கு வந்தபோது பாய்மரக் கப்பல்களின் காலம். சீனத்து மரக்கலங்கள் வடகிழக்குப் பருவக்காற்றில் வந்து, காற்று திரும்பிய பிறகு தென்மேற்குப் பருவக்காற்றில் ஊர் திரும்பின. இடைப்பட்ட மாதங்களில் வாணிபம் நடந்தது. எதிரெதிர்க் காற்றுகளில் வந்தவர்கள் சந்தித்துக்கொள்ள வசதியான இடமாக இந்தத் தீவு அமைந்தது.

ஆனால் வாணிபத்தைக் கொண்டுவந்த காற்றே கப்பல்களையும் உடைத்தது. சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசலில் பெட்ரா பிராங்கா என்ற பாறை இருக்கிறது. அதில் மோதி நொறுங்கிய கப்பல்கள் பல. அங்கே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டும் பொறுப்பு அரசாங்க நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சனிடம் வந்தது. 1850ல் வேலை தொடங்கியது. புலாவ் உபினிலிருந்து கருங்கல் போனது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தப் பாறையில் கால்வைக்கவே முடியாது. அலை அப்படி அடிக்கும். கடல் ஓய்ந்த மாதங்களில் மட்டுமே கட்டி, 1851 அக்டோபரில் விளக்கை ஏற்றினார்கள். இன்று அந்தப் பாறை என்றால் 2008ல் அனைத்துலக நீதிமன்றம் சிங்கப்பூருக்குச் சாதகமாக அளித்த தீர்ப்புதான் பலருக்கும் நினைவுக்கு வரும். விளக்கு அங்கே ஏன் தேவைப்பட்டது என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

நம்முடைய முன்னோர் வந்த வழிக்கு வருவோம். 1926ல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடியது. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை அணைந்து நிற்க முடியாது. அது கடலில் தள்ளி நிற்க, பெண்களும் குழந்தைகளும் மூட்டை முடிச்சுகளோடு படகில் போய் அலைக்கு நடுவே ஏறுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் பருவம். அந்த மாதங்களில் புறப்பட்டவர்கள் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு கால்வைத்ததில் வியப்பில்லை.

அந்தக் கடலின் கோபத்துக்குச் சான்று தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 17 அன்று அந்தமானுக்குத் தெற்கே ஒரு தாழ்வு நிலை உருவானது. ஐந்தே நாளில், 22ஆம் தேதி இரவு, அது கடும் புயலாகி தனுஷ்கோடியை அழித்தது. நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பாம்பன்-தனுஷ்கோடி பயணிகள் ரயிலை அலை வாரிக்கொண்டு போனது. அதில் இருந்த எவரும் பிழைக்கவில்லை. 1977 நவம்பரில் நாகப்பட்டினமும், 1978 நவம்பரில் இலங்கையின் மட்டக்களப்பும் புயலால் சிதைந்தன. அந்த ஊர்களில் வேர் உள்ள குடும்பங்கள் சிங்கப்பூரில் இன்றும் உண்டு.

சரி, அங்கே வரும் புயல் இங்கே ஏன் வருவதில்லை? பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வீசும் காற்று ஒரு பக்கமாகத் திரும்புகிறது. அந்தத் திருப்பம் இருந்தால்தான் காற்று சுழன்று புயலாகும். பூமத்தியரேகையில் அந்த விசை கிடையாது. அதை ஒட்டிய பகுதிகளில் மிகக் குறைவு. சிங்கப்பூர் பூமத்தியரேகைக்கு வடக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அதனால் இங்கே புயல் உருவாகாது என்றே பாடநூல்கள் சொல்லி வந்தன.

2001 டிசம்பர் 27ஆம் தேதி அந்தப் பாடம் பொய்த்தது. வடகிழக்கிலிருந்து வந்த குளிர்காற்று, மலாய்த் தீபகற்பத்துக்கும் போர்னியோவுக்கும் இடைப்பட்ட குறுகலான கடலில் பல நாள் விடாமல் வீசியது. போர்னியோ பக்கத்திலிருந்து நகர்ந்து வந்த காற்றுச் சுழல் ஒன்று அதில் மாட்டிக்கொண்டது. பூமியின் சுழற்சி கொடுக்காத விசையை அந்தக் குளிர்காற்று கொடுத்தது. 'வாமெய்' என்ற கடும் புயல் பிறந்தது. ஒரு பாட்டுப் பறவையின் பெயர் அது. மக்காவ் கொடுத்த பெயர். அது கரையைத் தொட்ட இடம் ஜோகூரின் தென்கிழக்குக் கரை, சிங்கப்பூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். அருகில் சிக்கிய அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகக் காற்றைப் பதிவு செய்தன. சாங்கியில் விமானச் சேவை தடைப்பட்டது. இங்கே மரங்கள் சாய்ந்தன. ஜோகூரிலும் பாகாங்கிலும் 5 பேர் மாண்டனர். இப்படி ஒன்று நிகழ 100 முதல் 400 ஆண்டுகள் ஆகலாம் என்று ஆய்வாளர்கள் 2003ல் கணக்கிட்டனர்.

அப்படியானால் கவலை இல்லையே என்று நினைக்க வேண்டாம். 2025 நவம்பர் 26ஆம் தேதி மலாக்கா நீரிணையிலேயே 'சென்யார்' என்ற புயல் உருவானது. அதையொட்டிய பேய்மழையிலும் வெள்ளத்திலும் சுமத்ராவில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். இது நம் வாசலில் நடந்தது.

புயல் என்று பெயர் பெறாத ஆபத்தும் நமக்கு உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ, மேற்கிலிருந்து இடிமேகங்கள் வரிசை கட்டி வரும். இதற்கு 'சுமத்ரா' என்றே பெயர். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தது. சிங்கப்பூரில் பதிவான மிக வேகமான காற்று அதுவே. வாமெய் புயல் வந்தபோதுகூட இங்கே அவ்வளவு வேகம் பதிவாகவில்லை. 2024 செப்டம்பர் 17 அன்று வந்த சுமத்ரா, ஒரே மாலையில் முந்நூறுக்கும் மேற்பட்ட மரங்களைச் சேதப்படுத்தியது.

இத்தகைய காற்றை முதலில் எதிர்கொள்பவர் யார்? வீட்டுக்குள் சன்னலைச் சாத்திக்கொள்ளும் நாம் அல்ல. பாரந்தூக்கியின் உச்சியில் இருப்பவர், கப்பல் பட்டறையில் சாரம் ஏறி நிற்பவர், நீரிணையில் சிறு படகில் இருப்பவர். அவர்களில் நம் ஊர்ப்பிள்ளைகள் எத்தனை பேர்! 'இங்கே புயல் வராது' என்ற மிதப்பில் ஓர் எச்சரிக்கையை ஒருவர் அலட்சியம் செய்தால், விலை கொடுப்பவர் அவராகத்தான் இருப்பார்.

நேயர்களே, சிங்கப்பூரில் புயல் அரிது என்பது உண்மை. ஒருபோதும் வராது என்பது உண்மையல்ல. காற்றின் திசைக்கெல்லாம் பெயர் வைத்து, அதைப் பார்த்துக் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாம். வானிலை ஆய்வகம் எச்சரிக்கை விடுக்கும்போது, ஒரு நிமிடம் வானத்தை அண்ணாந்து பார்ப்பதும், வேலையிடத்தில் இருக்கும் நம்மவருக்கு அதை எடுத்துச் சொல்வதும் நம் கடமை.