85 பவுண்டு வழக்கும் நம் வாசல் போர்டும்



சென்ற பொதுக்குழுவில் விசிட்டர் பார்க்கிங் பற்றி நடந்த வாக்குவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். யார் யாரோ காலையில் காரைக் கொண்டுவந்து நம் வளாகத்தில் போட்டுவிட்டு ரயிலேறிப் போய்விடுகிறார்கள். இரவு எட்டு மணிக்குத்தான் எடுக்கிறார்கள். இதை ஒரு ஏஜென்சியிடம் விட்டுவிட்டால் அவர்கள் வீல் லாக் போட்டு 1,000 ரூபாய் வசூலிப்பார்கள், சங்கத்துக்கும் ஒரு பங்கு வரும் என்று ஒரு யோசனை வந்தது. பாதிப் பேர் கை தட்டினார்கள். மணி ஒன்பதைத் தாண்டிவிட்டதால் முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் வைப்பு நிதி வட்டி, 15ஜி படிவம் என்று எழுதி உங்களைச் சோதிப்பவன் நான். இந்த முறை கொஞ்சம் சரித்திரம். நம் கூட்டத்தில் வந்த யோசனையை இங்கிலாந்துக்காரர்கள் சில பத்தாண்டுகள் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அதன் கணக்கு வழக்கு எனக்குத் தெரியவந்தது ஒரு கடிதத்தால்.

போன கோடையில் அங்கிருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு வளாகம். 2 மணி நேரம் பார்க்கிங் இலவசம். பில் போடும் வரிசை நீண்டதில் 24 நிமிடம் கூடிவிட்டது. தடுத்துக் கேட்க அங்கே ஓர் ஆள் கிடையாது. சில வாரம் கழித்து, உள்ளே நுழைந்தபோதும் வெளியேறியபோதும் கேமரா எடுத்த இரண்டு படங்களோடு தபால் வந்தது. 100 பவுண்டு கட்டு. 14 நாளுக்குள் கட்டினால் 60 போதும். மகன், “கட்டித் தொலைச்சிடலாம்பா, எல்லாத்தையும் ரூபாய்ல பெருக்காதீங்க” என்றான். கேஷ் கவுண்டரில் இரண்டு ரூபாய் வித்தியாசம் வந்தால் ராத்திரி வரை உட்கார்ந்து தேடியவனிடம் இதைச் சொல்லலாமா? கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதலில் தெரிந்துகொண்டது, அது அபராதமே இல்லை என்பது. நகராட்சி சட்டப்படி போடும் அபராதத்துக்கு அங்கே ‘பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்’ என்று பெயர். தனியார் கம்பெனி அனுப்புவது ‘பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்’. இரண்டுக்கும் சுருக்கம் பி.சி.என். தான்! தனியார் நோட்டீஸ் உண்மையில் ஒரு பில். ‘எங்கள் போர்டைப் படித்துவிட்டு உள்ளே வந்தாய், ஆகவே நமக்குள் ஒப்பந்தம் ஏற்பட்டது, அதை மீறியதால் இவ்வளவு பாக்கி’ என்கிற பில். எல்லாமே அந்தப் போர்டில்தான் தொங்குகிறது.

போர்டைப் பற்றிய சண்டை பழையது. 1964-ல் லண்டனில் ஒரு டிரம்பெட் வாத்தியக்காரர் தானியங்கி கார் நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டு, திரும்ப எடுக்க வந்தபோது விபத்தில் அடிபட்டார். ‘காயத்துக்குப் பொறுப்பில்லை என்று உள்ளே போர்டு வைத்திருக்கிறோம், டிக்கெட்டிலும் குறிப்பு இருக்கிறது’ என்றது நிர்வாகம். ஷூ லேன் வழக்கு என்று பேர். 1970-ல் டென்னிங் பிரபு உள்ளிட்ட நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. மிஷின் டிக்கெட்டைத் துப்பிய பிறகு அதனோடு யாரும் பேரம் பேச முடியாது. கடுமையான நிபந்தனை என்றால் முன்னாலேயே கண்ணில் குத்துகிற மாதிரிச் சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். பி.காம். படித்தவர்கள் மெர்க்கன்டைல் லா பாடத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தேன், பரீட்சை முடிந்ததும் மறந்தேன்.

பிறகு வந்தது வீல் லாக் யுகம். ஸ்காட்லாந்து நீதிமன்றம் 1992-லேயே, தனியார் நிலத்தில் வண்டிக்குப் பூட்டுப் போட்டுப் பணம் கேட்பது மிரட்டிப் பறிப்பதும் திருட்டும் ஆகும் என்று முடித்துவிட்டது. இங்கிலாந்து நீதிமன்றங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. 1990-களின் நடுவில் ட்ரூரோ என்ற ஊரில் நடந்ததற்கான வழக்கில், எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துவிட்டும் நிறுத்தியவர் பூட்டுக்குச் சம்மதித்தவராகிறார். ஆனால் கேட்கும் தொகை நியாயமாக இருக்க வேண்டும், பணம் வந்ததும் தாமதமின்றி விட்டுவிட வேண்டும் என்றார்கள்.

2000-ல் வந்த வைன் வழக்கு என்னை மிகவும் பாதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும் ஒரு பெண்மணிக்கு வழியில் உடம்பு முடியாமல் போகிறது. காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வாந்தி எடுக்கிறார். சில நிமிடங்களில் திரும்பி வந்தால் சக்கரத்தில் பூட்டு! அங்கே போர்டு இருந்தது உண்மை. ஆனால் நின்றிருந்த வேறொரு பெரிய வண்டி அதை மறைத்திருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம், பார்க்காத போர்டுக்கு ஒருவர் சம்மதித்ததாகச் சொல்ல முடியாது என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நம் வளாகத்திலும் டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டுவந்து விடும் காரும் விசிட்டர் கார்தான்.

பூட்டுப் போடுகிறவர்களுக்கு லைசென்ஸ் முறை கொண்டுவந்து பார்த்தார்கள், புகார் குறையவில்லை. கடைசியில் 2012 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், சட்ட அதிகாரம் இல்லாமல் பிறர் வண்டிக்குப் பூட்டுப் போடுவதே குற்றம் என்று சட்டமாயிற்று.

இதற்குப் பதிலாகக் கம்பெனிகளுக்கு ஒன்று கிடைத்தது. அதுவரை வண்டியை ஓட்டியவரிடம் மட்டுமே பணம் கேட்க முடியும். ஓட்டியது யார் என்று தெரியாவிட்டால் தொல்லை. புதிய சட்டத்தின் நான்காவது அட்டவணைப்படி, ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால் வண்டி யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடமே கேட்கலாம். நம்பரைக் கொடுத்தால் அரசின் வண்டிப் பதிவு அலுவலகம் இரண்டரை பவுண்டுக்கு முகவரியைத் தந்துவிடும். இன்று கம்பெனிகள் ஆண்டுக்கு ஒரு கோடி முகவரிகளுக்கு மேல் கேட்டு வாங்குகின்றன. பூட்டு போய் தபால் வந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரு நல்லதும் நடந்தது: கம்பெனி மறுத்தால் முறையிட, பாப்லா என்று ஒரு தனி அமைப்பு அதே நாளில் தொடங்கியது. முறையிடுபவருக்குச் செலவில்லை. முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், முறையிட்டவரைக் கட்டுப்படுத்தாது. (கம்பெனிகளில் ஒரு பிரிவு பிறகு வேறு சங்கம் கண்டு, தங்களுக்கென்று தனி முறையீட்டு அமைப்பும் வைத்துக்கொண்டது வேறு கதை.)

அடுத்த மூன்று வருடம் வாகன ஓட்டிகளுக்குக் கைகொடுத்தது ஒரு கணக்குக் கேள்வி: ‘இதனால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்?’ இதன் வேர் 1914-ல் டன்லப் டயர் கம்பெனியின் வழக்கில் இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டி எழுதும் தொகை, நஷ்டத்தின் நேர்மையான மதிப்பீடாக இருந்தால் செல்லும். பயமுறுத்தும் தண்டனையாக இருந்தால் செல்லாது. இலவச இடத்தில் 20 நிமிடம் கூடுதலாக நின்றதற்கு என்ன நஷ்டம்? பாப்லாவில் பல கம்பெனிகள் பதில் சொல்ல முடியாமல் தோற்றன.

அதை முடித்துவைத்தது பீவிஸ் வழக்கு. 2013 ஏப்ரலில் செம்ஸ்ஃபோர்டு நகரக் கடை வளாகம் ஒன்றில், 2 மணி நேர வரம்பை 56 நிமிடம் தாண்டினார் ஒரு வறுவல் மீன் கடைக்காரர். பார்க்கிங்ஐ கம்பெனி 85 பவுண்டு கேட்டது. அவர் மறுத்து, கவுண்டி நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனார். வழக்கில் வெளிவந்த வரவு செலவைப் பாருங்கள். இடம் ஒரு பென்ஷன் நிதிக்குச் சொந்தம். அந்த இடத்தை நிர்வகிப்பதற்காகக் கம்பெனிதான் நிலக்காரருக்கு வாரம் 1,000 பவுண்டு கொடுத்தது! நிறுத்தும் இடமோ இலவசம். அப்படியானால் வரவு எங்கிருந்து? நேரம் தாண்டுகிறவர்களிடமிருந்துதான். எல்லோரும் ஒழுங்காக 1 மணி 59 நிமிடத்தில் வெளியேறினால் கம்பெனி திவால். விதி மீறப்பட்டால்தான் பிழைப்பு என்ற வியாபாரத்தை நான் வங்கியில் பார்த்ததில்லை. (மினிமம் பேலன்ஸ் கட்டணம் என்று முணுமுணுக்கிறீர்கள், காதில் விழுகிறது.)

2015 நவம்பர் 4-ல் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். நஷ்டம் மட்டுமே அளவுகோல் அல்ல. கடைக்காரர்களுக்கு இடம் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், அது நியாயமான அக்கறை. அதற்கு 85 பவுண்டு அளவு மீறியதல்ல. சுமார் 20 பலகைகள் பெரிய எழுத்தில் தெளிவாக இருந்தன என்றார்கள். டூல்சன் பிரபு ஒருவர் மட்டும் மாறுபட்டார். யார், என்ன காரணம், எத்தனை நிமிடம் என்று எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே தொகை என்பது நுகர்வோருக்கு நியாயமா என்பது அவர் கேள்வி. என் ஓட்டு அவருக்கு.

அதன் பிறகு நஷ்டக் கேள்வி எடுபடவில்லை. போர்டு தெரிந்ததா, நிலக்காரர் அதிகாரம் கொடுத்தாரா, சலுகை நிமிடங்கள் விட்டார்களா, தபால் குறித்த நாளுக்குள் வந்ததா என்று மக்கள் கேட்க ஆரம்பித்தார்கள். 2019-ல் அரசே நடத்தை விதி வகுக்க ஒரு சட்டம் வந்தது. 2022 பிப்ரவரியில் விதி வெளியானது. லண்டனுக்கு வெளியே பெரும்பாலான தவறுகளுக்கு 50 பவுண்டுதான் உச்சம் என்றது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போக, ஜூனில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. இப்போதைக்குக் கம்பெனிகளின் சங்கங்களே எழுதிக்கொண்ட விதிதான், 100 பவுண்டு உச்சத்தோடு, நடப்பில் இருக்கிறது.

மகனின் கடிதத்துக்கு வருகிறேன். வண்டியில் நோட்டீஸ் ஒட்டாமல் கேமராவை மட்டும் நம்பினால், சம்பவத்துக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் நோட்டீஸ் பதிவுக்காரர் கைக்கு வந்திருக்க வேண்டும். தபாலில் போட்ட இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும். இது அந்த அட்டவணையில் உள்ளது. காரை நிறுத்தியது 3-ம் தேதி. கெடு 17. கடிதத்தில் இருந்த தேதி 16. ஆக, சேர்ந்தது 18. ஒரு நாள் தாமதம்! பதிவுக்காரனான மகனிடம் அந்தச் சட்டப்படி கேட்க முடியாது. ஓட்டியவரிடம் கேட்கலாம். ஓட்டியவர் யார் என்று மகன் சொல்லக் கடமையில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை.

“இது ஏமாத்துறது இல்லையா?” என்று மனைவி கேட்டாள். யோசித்தேன். மூன்று மாதம் கழித்து வந்த செக்கை நான் எத்தனையோ தடவை திருப்பியிருக்கிறேன். கொடுக்க வேண்டிய பணம் இல்லையென்று அதற்கு அர்த்தமில்லை. அந்தக் காகிதத்தை வைத்து இனி கேட்க முடியாது என்றுதான் அர்த்தம். ஓட்டினாரா இல்லையா என்று நிரூபிக்காமலே ஒருவரைக் கேட்கும் அதிகாரத்தைச் சட்டம் கம்பெனிக்குக் கொடுத்தது. அதற்கு விலையாக ஒரு தேதியைக் கேட்டது. தேதியைத் தவறவிட்டது அவர்கள்.

மகன் கடை பில்லையும் இணைத்து எழுதினான். கம்பெனி மறுத்தது. பாப்லாவுக்குப் போனோம். சில வாரத்தில் கம்பெனி வாதாடாமலே விலகிக்கொண்டது. ஒன்று சொல்கிறேன், அங்கே பிள்ளைகள் இருப்பவர்கள் கவனியுங்கள்: இந்தத் தபாலைக் குப்பையில் போடக் கூடாது. ‘தனியார்தானே’ என்று சும்மா இருந்தால் கோர்ட் சம்மன் வரும். அதையும் கவனிக்காவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அது ஆறு வருடம் கடன் பதிவில் நிற்கும், நம் ஊர் சிபில் மாதிரி. வீட்டுக் கடனே கிடைக்காமல் போகலாம்.

இனி நம் விஷயம். நம் நாட்டின் 1872 ஒப்பந்தச் சட்டம் 74-ம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்ச வரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்கிறது. 1,000 ரூபாய் என்று போர்டில் எழுதிவிட்டால் 1,000 ரூபாய் கிடைத்துவிடாது. பூட்டுப் போடலாமா என்பதை ஒரு வக்கீலிடம் எழுத்தில் கேட்காமல் தீர்மானம் போட வேண்டாம் என்று செயலாளரிடம் கோரியிருக்கிறேன். ஏஜென்சி நமக்குப் பங்கு தருகிறதென்றால், அந்தப் பங்கு எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்படும், யார் தவறினால் அது கூடும் என்றும் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். மறுப்புத் தெரிவிக்க விரும்புபவர் யாரிடம் போவார் என்ற கேள்வியும் இருக்கிறது. சங்கமே பூட்டி, சங்கமே விசாரித்து, சங்கமே பணமும் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் கேள்விகளையும் எழுதிக் கொடுங்கள்.

இதை எழுதுவதற்கு முன் வாசலுக்குப் போய் நம் போர்டைப் பார்த்துவிட்டு வந்தேன். ‘வெளியார் வாகனங்கள் நிறுத்தக் கூடாது’ என்பதில் காகிதப்பூக் கொடி படர்ந்து, ‘நிறுத்த’ என்பது மட்டும் வெளியே தெரிகிறது. வாட்ச்மேனிடம் கத்தரி கொடுத்திருக்கிறேன்.